புதிய உவர்நீர்த் தொட்டியில் மீன்கள் திடீரென மடிவதேன்?

தஞ்சைக் காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில், தரங்கம்பாடி தொடங்கி அதிராம்பட்டினம் ஈறாகவுள்ள கடலோர ஊர்களில், நெல் விளைவோடு மீன் வரும்படியும் சேர்ந்திருத்தல் நெடுங்கால வழக்கமாகும். கழிமுகத்து மடவை, கொடுவா, பால்கெண்டை முதலியவற்றை அறியாத குடியானவர் அவ்விடங்களில் இலர். இவ்வரும்படியின் ஒரு புதிய கிளையாக, வீட்டுத் தாழ்வாரத்திலோ கொல்லைக் கொட்டகையிலோ கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் கடல் நீரை நிரப்பிக் கோமாளி மீன் முதலிய அலங்கார மீன்களை வளர்க்க முயல்வோரும் உளர். 2020-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும், கொல்லைப்புறத்தில் அலங்கார மீன் வளர்ப்பதற்கு உதவித் தொகை வகுக்கப்பட்டது. ஆயினும், கடன் வாங்கியோ கைப்பொருளிட்டோ இத்தொழிலில் இறங்குவோர் பலர் முதல் மாதத்திலேயே மனமுடைந்து தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர். அதற்குக் காரணம் ஒன்றே: மீன்கள் திடீரென மடிந்துபோகின்றன.

அது நிகழும் விதமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. புதுத் தொட்டியில் புது மணல் பரப்பப்படுகின்றது. கடல் நீர் பளிங்குபோல் நிற்கின்றது. மறுநாளே ஆறு அல்லது எட்டு மீன்கள் விடப்படுகின்றன. இரண்டு மூன்று நாட்கள் அவை துள்ளித் திரிந்து தீனியெடுக்கும். பார்க்க வருவோரெல்லாம் தத்தம் கையால் ஒரு சிட்டிகை தீனி போடுவர். ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள்கள் சிவந்து தோன்றும். அடுத்த நாள் விடியற்காலையில் பாதி மடிந்து கிடக்கும். நீரோ முன்போலவே தெளிவாக இருக்கும். உடையவர் மீன் விற்றவரை நொந்துகொண்டு, அவ்வாரமே வேறு மீன் வாங்கி விடுவார். அவையும் அவ்வழியே போகும். நாற்று ஏன் கருகிற்று என்று பாராமல் அவ்வயலிலேயே மறுபடியும் நாற்று விடுவதற்கு இது ஒப்பாகும்.

மீன் மடியக் கண்டவுடன் செய்ய வேண்டுவன சிலவே. இறந்தவற்றை உடனே எடுத்துவிடல் வேண்டும். தீனியை அடியோடு நிறுத்துதல் வேண்டும். ஆரோக்கியமான மீன் சில நாட்கள் பட்டினி கிடப்பதால் கெடுவதில்லை. காற்றுக் குழாயைக் கூடுதலாக ஓடவிட்டு நீரின் மேற்பரப்பைக் கலக்குதல் வேண்டும். தொட்டி நீரில் மூன்றிலொரு பாகம் முதல் பாதி வரை எடுத்துவிட்டு, அதே உப்பும் அதே உஷ்ணமும் உள்ள நல்ல நீரை ஊற்றுதல் வேண்டும். எந்த மருந்தையும் அப்பொழுது ஊற்றுதலாகாது. காரணம் இன்னதென்று தெரியாமல் ஊற்றப்படும் மருந்தே இரண்டாவது காரணமாகிவிடுவதுண்டு. இவற்றைச் செய்த பின்னர்க் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. மீன்கள் எப்பொழுது இறந்தன? எல்லாம் ஒருசேர இறந்தனவா, ஒவ்வொன்றாக இறந்தனவா? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்தால் பாதி நோய் விளங்கிவிடும்.

தொட்டி வைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள், சில நாட்களில் அடுத்தடுத்து மீன்கள் இறக்குமாயின், அமோனியா நஞ்சையே முதலில் ஐயுறுதல் வேண்டும். மீன் தன் உடற்கழிவில் பெரும் பகுதியை அமோனியாவாகவே செவுள் வழியே வெளியிடுகின்றது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியும் அமோனியாவையே தருகின்றது. பரந்த கடலில் இது ஒரு பொருட்டன்று. 200 லிட்டர் தொட்டியிலோ, அந்நஞ்சு நாள்தோறும் சேர்ந்துகொண்டே வரும், கண்ணுக்குத் தெரியாது. நீர் தெளிந்திருப்பது அது நல்லதென்பதற்குச் சான்றாகாது.

இவ்வமோனியாவை அகற்றும் முறையை நெல் விளைவிப்போர் வேறொரு வகையில் முன்னரே அறிந்துள்ளனர். நீர் கட்டிய வயலில் அமோனியம் சல்பேட்டை மேலாகத் தூவினால், காற்றுப்படும் மேற்சேற்றிலுள்ள நுண்கிருமிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அந்நைட்ரேட் கீழ்ச்சேற்றுக்கு இறங்கி, வாயுவாகிப் பயிருக்கு உதவாமற் போகின்றது. ஆதலினாற்றான் உரத்தைச் சேற்றினுள் ஆழ மிதித்து வைக்கும்படி விவசாயிகளுக்குச் சொல்லப்படுகின்றது. வயலில் நஷ்டம் விளைவிக்கும் அதே வேலையைச் செய்யும் கிருமிகள்தாம் மீன் தொட்டியில் உயிர் காப்பன. அமோனியா கொடிய நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சே, ஆனால் கடல் நீரிலுள்ள மிகுந்த குளோரைடு அதன் வேகத்தைப் பெரிதும் தணிக்கின்றது. நைட்ரேட்டோ கணிசமான அளவு சேரும் வரை மீனுக்குத் தீங்கு செய்வதில்லை.

இவ்விரு துறைகளும் ஒரே குடும்பத்தில் ஆராயப்பட்டது வியப்புக்குரிய ஒற்றுமையாகும். 1850-ல் லண்டன் இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன் என்பார், மூடிய தொட்டியில் பொன்மீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்து, நீர் கெடாமல் அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதைக் காட்டினார். மீன் தொட்டிக் கலைக்கு அதுவே அடிப்படையாயிற்று. அவர் மகனாரும் அதே பெயருடையவர். ராத்தம்ஸ்டெட் விவசாயப் பரிசோதனை நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அமோனியா நைட்ரேட்டாவது இரு படிகளில், இரு வேறு கிருமிகளால் நடைபெறுவது என்று கண்டார். 1890-ல் அக்கிருமிகளைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

இக்கிருமிகள் மிகவும் மெதுவாகப் பெருகுபவை. சாதாரண அழுகற் கிருமிகள் ஒரு மணி நேரத்திற்குள் இருமடங்காகும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். உப்பு நீரில் இன்னும் தாமதமாகும். ஆகவே புதுத் தொட்டியில் இவை போதிய அளவு குடியேற நான்கு முதல் எட்டு வாரங்கள் செல்லும். முதலில் அமோனியா உயர்ந்து தணியும். அதன் பின்னர் நைட்ரைட் உயர்ந்து தணியும். இவ்விரண்டும் தணியுமுன் விடப்பட்ட மீன் நஞ்சில் விடப்பட்ட மீனேயாகும்.

உவர்நீரில் இந்நஞ்சு நன்னீரிலும் கொடியதாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீரிலுள்ள அமோனியா முழுவதும் ஒரே நிலையில் இராது. பெரும்பகுதி அம்மோனியம் என்னும் சாதுவான நிலையிலும், சிறுபகுதி செவுளைத் துளைக்கும் தனி அமோனியாவாகவும் இருக்கும். பி.எச். 7 உள்ள நன்னீரில் தனி அமோனியா நூற்றுக்கு ஒரு பங்கும் இராது. கடல் நீரின் பி.எச். ஏறக்குறைய 8.2, அங்கே அது நம் நாட்டு உஷ்ணத்தில் பத்து மடங்கிற்கு அருகில் உயர்ந்துவிடுகின்றது. கோடையில் நீர் சூடேறினால் இன்னும் மிகும். நன்னீர்த் தொட்டியில் தப்பிப் பிழைத்த அனுபவத்தைக் கொண்டு உவர்நீர்த் தொட்டியில் இறங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

ஆதலின், மீன் வாங்குமுன் தொட்டியைப் பக்குவப்படுத்துதல் வேண்டும். சுடாத கிளிஞ்சலை நன்கு கழுவி வடிதொட்டியில் நிரப்பினால், அது கிருமிகள் தங்குதற்கு இடமாவதோடு நீரின் காரத்தன்மையையும் தாங்கும். சுண்ணாம்புக் காளவாயில் சுட்ட கிளிஞ்சல் கூடவே கூடாது. அது நீரைக் கொதிசுண்ணாம்பாக்கி யாவற்றையும் கொன்றுவிடும். பவளக் கற்களைக் கடலிலிருந்து எடுத்து வருதல் சட்ட விரோதம். பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காப்பளிக்கப்பட்டவை. கிருமிகளுக்கு உணவாக, 200 லிட்டர் நீருக்கு 1¼ கிராம் தூய நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, கரைத்து விட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். ஈயம் பூசுவோரிடம் கிடைக்கும் நவச்சாரத்தில் வேறு உலோகம் கலந்திருக்கக்கூடுமாகையால் இரசாயனச் சாமான் விற்குமிடத்தில் வாங்குதல் நன்று. அதுவும் கிடையாவிடில், ஒரு சிறு பச்சை இறாலைத் துணியில் முடிந்து தொட்டியில் தொங்கவிட்டால் அது அழுகி அமோனியா தரும்; நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். வாரத்திற்கு இரு முறை சோதனைத் துளிமருந்தைக் கொண்டு அமோனியாவையும் நைட்ரைட்டையும் பார்த்துவருதல் வேண்டும். இடப்பட்ட அந்த அளவு அமோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் காணப்படாதாயின் தொட்டி பக்குவமாயிற்று. அதன் பின் பாதி நீரை மாற்றிவிட்டு இரண்டு சிறு மீன்களை விடலாம். மேலும் விடுவதற்கு இரண்டு வாரமேனும் பொறுத்தல் வேண்டும். கிருமிகளின் தொகை அவற்றுக்குக் கிடைக்கும் உணவின் அளவாகவே இருக்குமன்றி, வருங்காலத்திற்காக முன்கூட்டிப் பெருகி நில்லா.

வடிதொட்டியைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுதல் நம்மவரிடையே காணப்படும் மற்றொரு குற்றம். வெண்கலப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் துலக்கிவிட்டால், இரண்டு மாதம் வளர்த்த கிருமிகள் ஒரு நாழிகையில் அழியும். மாற்றியெடுத்த தொட்டி நீரிலேயே மெல்ல அலசி வைத்தல் போதும்.

எல்லா மீன்களும் ஒரே இரவில், விடியற்காலைக்குள் இறக்குமாயின் பிராணவாயுக் குறைவே காரணமாதல் கூடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: பெரிய மீன்கள் முதலில் இறக்கும், சிறியவை தப்பியிருக்கும். 30 டிகிரி உஷ்ணத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7½ மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். கடல் நீர் 6¼ மில்லிகிராம்தான் ஏற்கும். சித்திரை வைகாசியில் மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓயுமாயின், மீன் நெருக்கமாயுள்ள தொட்டியில் சில மணி நேரத்திற்குள் ஆபத்து நேரும். கிருமிகளும் பிராணவாயு வேண்டுபவையே. அவையும் மடிந்தால் மின்சாரம் வந்த பின்னரும் அமோனியா ஏறும். 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யத்திற்கருகே கரையைக் கடந்த கஜா புயலின் பின்னர், நாகை, திருவாரூர், தஞ்சை ஜில்லாக்களில் பல கிராமங்கள் நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தன. இத்தகைய கடற்கரையில் மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுக் கருவி ஒன்றை வைத்திராமல் கடல் மீன் வளர்க்கத் துணிதல் அறிவுடைமையாகாது. அதுவும் இல்லாத இடத்தில், ஒரு சொம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுதல் ஓரளவு காக்கும்.

மீனை விட்ட சில மணி நேரத்திற்குள் இறப்பு நேர்ந்தால், உப்பின் அளவையோ, மீன் கொணரப்பட்ட விதத்தையோ நோக்குதல் வேண்டும். பையினுள் நெடுந்தூரம் வந்த மீன் விடும் கரியமில வாயுவால் அந்நீரின் பி.எச். தணிந்திருக்கும், சேர்ந்துள்ள அமோனியாவும் அதனால் சாதுவாக இருக்கும். பையைத் திறந்து வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை நெடுநேரம் விட்டுக்கொண்டிருந்தால், கரியமில வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, அவ்வமோனியா பைக்குள்ளேயே நஞ்சாகின்றது. இரக்கம் கருதிச் செய்யப்படும் தாமதமே மீனைக் கொல்கின்றது. மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு உஷ்ணத்தைச் சமப்படுத்தி, இரு நீரின் உப்பளவும் ஒன்றாயிருப்பின், திறந்தவுடன் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டுவிடுதல் நன்று. பை நீரைத் தொட்டியில் சேர்த்தலாகாது.

உப்பின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. கோடையில் கடல் நீர் ஆயிரத்தில் ஏறக்குறைய 35 பங்கு உப்புடையது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும், கொள்ளிடம் முதலிய ஆறுகளின் வெள்ளமும் சேரும் காலத்தில் சோழமண்டலக் கடற்கரையில் இது வெகுவாகக் குறையும். கழிமுகத்தருகில் இன்னும் குறையும். ஆதலின் கோடையில் மொண்ட அதே துறையில் மழைக்காலத்திலும் மொண்டு, அளவாமல் ஊற்றுதல் தவறு. நீரடர்த்தி காட்டும் கருவி விலை மிகுந்ததன்று. மற்றொன்று ஆவியாதல். மின்விசிறி சுழலும் அறையில் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீர் போய்விடும், உப்பு போவதில்லை. 200 லிட்டரில் 20 லிட்டர் வற்றினால் 35 பங்காயிருந்தது 39 ஆகும். அக்குறையைக் கடல் நீரால் நிரப்பினால் உப்பு மேலும் ஏறும். நல்ல நீரால்தான் நிரப்புதல் வேண்டும். கடைமடை வயலில் கோடைக்காலத்து உப்புப் பூப்பதைக் கண்டவர்க்கு இது விளங்காததன்று.

கடலுக்குத் தொலைவில், தஞ்சையிலோ கும்பகோணத்திலோ இருப்போர் சிலர், வேதாரண்யத்து உப்பைக் கிணற்று நீரில் கரைத்தால் கடல் நீராகிவிடும் என எண்ணுகின்றனர். அவ்வாறு ஆகாது. ஒரு கிலோ கடல் நீரிலுள்ள 35 கிராம் உப்புக்களில் மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம், சல்பேட்டு 2.7 கிராம் உள்ளன. 1872 முதல் 1876 வரை சாலெஞ்சர் என்னும் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொணர்ந்த 77 நீர் மாதிரிகளைச் சோதித்த டிட்மார் என்பார், எக்கடலிலும் இவ்விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்று 1884-ல் வெளியிட்டார். உப்பளத்தில் நடப்பதோ இவ்விகிதத்தைப் பிரிக்கும் தொழில். முதற் பாத்திகளில் சுண்ணச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. உப்பை வாரிய பின் மக்னீசியம் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றது. நமக்குக் கிடைப்பது சோறு சமைக்க நல்ல உப்பு, கடல் மீனுக்குக் குறையுள்ள நீர். மீன் சில நாள் தாங்கினும், நண்டும் சிப்பியும் விரைவில் மடியும். கடல் நீரையே கொணர வேண்டும். அல்லது எல்லாச் சத்துக்களும் சேர்த்து விற்கப்படும் தொட்டி உப்பை வாங்குதல் வேண்டும். 1909-ல் சென்னைக் கடற்கரையில் அமைக்கப்பட்டு, யுத்தகாலத்தில் மூடப்பட்ட மீன் காட்சிச்சாலை இந்தியாவில் முதலாவது. அது கடலோரத்தில் நின்றது காரணமின்றியன்று.

அந்நீரைக் கொணரும் பாத்திரமும் நஞ்சாகலாம். தஞ்சைப் பகுதியில் பித்தளை அண்டாவுக்கும் செப்புக் குடத்திற்கும் குறைவில்லை; அவற்றில் கடல் நீரை வைத்தல் தகாது. உப்பு நீர் செம்பைக் கரைக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படும் செம்பே மீனுக்குத் தீங்கு செய்யத் தொடங்கும். நண்டு, சிப்பிகளுக்கு அதனினும் குறைவான அளவே போதும். மயில்துத்தக் கரைசல் கலந்த வாளியைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. பூச்சி மருந்து வந்த பிளாஸ்டிக் கேனை எத்துணை கழுவினும் பயன்படுத்தலாகாது. வயலில் மருந்தடித்துவிட்டு வந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தொட்டியில் இடுதலும் ஆகாது. இவற்றினும் மறைவான பகை ஒன்றுண்டு: கொசுவிரட்டி. அவ்வில்லைகளிலும் திரவங்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்கு அற்பமாயினும் மீனுக்கும் நண்டுக்கும் கொடியது. காற்றுக் குழாயோ அறைக் காற்றையே உறிஞ்சி இரவு முழுவதும் நீருக்குள் செலுத்துகின்றது. மீன்கள் வெறிகொண்டாற்போல் சுழன்று ஓடி, நண்டும் உடன் மடியுமாயின் இத்தகைய நஞ்சைத் தேடுதல் வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாகக் குழாய் நீரை விடுவோர், அதிலுள்ள குளோரினைப் போக்க ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிது இடுதல் வேண்டும். அல்லது ஒரு நாள் காற்றோட்டி வைத்தல் வேண்டும்.

இனி, இரண்டாம் வாரத்திற்கு மேல் மீன்கள் ஒவ்வொன்றாக, உடம்பைக் கல்லில் உராய்ந்து, வெண்புள்ளிகளோடு இறக்குமாயின் அது நோய். 1994 முதல் இக்கடற்கரை இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் வேறு. அது வைரஸ் என்னும் நச்சுயிரால் இறாலுக்கு வருவது. மீனின் வெண்புள்ளியோ ஓர் ஒட்டுண்ணியால் உண்டாவது. அவ்வுண்ணி சில நாள் மீனுடலில் தின்று பெருத்து, உதிர்ந்து, தரையில் கூடு கட்டிக்கொண்டு, மூன்று நாள் முதல் நான்கு வாரம் வரை பொறுத்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிப்படும். புள்ளிகள் மறைவது கண்டு நோய் தீர்ந்ததென மகிழ்வோர், அடுத்த வாரம் முன்னிலும் மிகுதியாகக் காண்பர். நோயுற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே உப்பைச் சிறிது சிறிதாக ஆயிரத்தில் 15 பங்குக்குக் குறைத்து வைத்தால் உண்ணி பிழையாது. முதற் தொட்டியை ஆறு வாரத்திற்குக் குறையாமல் மீனின்றி விடுதல் வேண்டும். புதிதாக வரும் எம்மீனையும் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே சேர்த்தல் இந்தத் தொல்லையை வாசலிலேயே நிறுத்தும். கொடுவா, பால்கெண்டைக் குஞ்சுகளைச் சிமிட்டித் தொட்டியில் வளர்ப்போர்க்கும் இம்முறைகளில் பெரும்பாலானவை பொருந்துவனவே.

மாற்றியெடுத்த நீரை எங்கே கொட்டுவது என்பதும் இப்பகுதிக் குடியானவர் கருத வேண்டியது. 100 லிட்டர் கடல் நீரில் 3½ கிலோ உப்பு இருக்கின்றது. நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது. ஆகவே அந்நீரைக் கன்னி வாய்க்காலிலோ, நாற்றங்கால் ஓரத்திலோ, கிணற்றடியிலோ விடாமல், கடலுக்குச் செல்லும் உப்பனாற்று வடிகாலிலும், உள்நாட்டு ஊர்களில் பயிருக்கும் குடிநீருக்கும் எட்டாத பாதாளச் சாக்கடையிலும் சேர்த்தல் வேண்டும்.